சிவக்கும் இலையின் கடைசி வேலை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காடு இருக்கிறது. தாவரவியலாளர் டேவிட் லீயும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே 89 வகை மரங்கள், புதர்களின் இலைகளில் இலையுதிர் காலத்து நிறமிகளை ஆராய்ந்தார்கள். ஆய்வு 2003-இல் வெளியானது. அதைப் படித்ததிலிருந்து ஒரு செய்தி என்னை விடவே இல்லை. அந்த 89-இல் 62 வகைகளின் இலைகள், உதிரப்போகும் நேரத்தில் சிவப்பு நிறமியைப் புதிதாகத் தயாரிக்கின்றன.

மஞ்சள் அப்படியல்ல. அது கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனினையோ மரம் தன் சர்க்கரையைச் செலவழித்துத்தான் உண்டாக்க வேண்டும். நாலு நாளில் மண்ணுக்குப் போகிற இலைக்கு எதற்கு இவ்வளவு செலவு?

பூச்சிகளை விரட்டத்தான் என்றது ஒரு கட்சி. வில்லியம் ஹாமில்டனும் சாம் பிரவுனும் 262 வகை மரங்களை ஒப்பிட்டு எழுதி, 2001-இல் வெளியான கட்டுரை அதன் அடிப்படை. அசுவினித் தொல்லை அதிகமுள்ள மரங்களே பளிச்சென நிறம் மாறுகின்றன, அது பூச்சிக்கு மரம் விடும் எச்சரிக்கை என்பது அவர்கள் வாதம். அழகான வாதம்தான். ஆனால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹோக் செய்த சோதனை காட்டிய வேறு விளக்கத்தையே என்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது.

உதிரும் முன் இலை தன் புரதங்களை உடைத்து, தழைச்சத்தைக் கிளைக்குத் திருப்பி அனுப்புகிறது. அடுத்த வசந்தத்தின் தளிருக்கு அதுதான் முதல். பச்சையம் சிதையும் அந்த வாரங்களில் இலையால் வெயிலைத் தாங்க முடியாது. குளிரும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு இன்னும் கூடும். அப்போது ஆந்தோசயனின் இலைக்கு நிழல் தருகிறது. ஹோக் மூன்று புதர் வகைகளில், சிவப்பே உண்டாகாத செடிகளையும் இயல்பான செடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார். கடும் வெளிச்சத்தில் சிவப்பில்லாத செடிகள் குறைவான தழைச்சத்தையே மீட்டன. உரத்துக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற எந்த விவசாயிக்கும் அந்த இழப்பின் கனம் புரியும்.

மேப்பிள் மரத்தடியில் கிடக்கும் இலையைக் கையில் எடுத்தாலே இதன் தடயத்தைப் பார்க்கலாம். வெயில் பட்ட இடம் சிவந்திருக்கும். மேலே இன்னொரு இலை படிந்து மறைத்த இடம் மட்டும், அந்த இலையின் ஓரவடிவத்தோடு மஞ்சளாகவே நிற்கும்.

இந்தச் சிவப்பைத்தான் நர்சரிகள் விற்கின்றன. சிவப்பு மேப்பிளை விதை போட்டு வளர்த்தால் ஒன்று சிவக்கும், ஒன்று மஞ்சளாகும், ஒன்று இரண்டும் கலந்து நிற்கும். அதனால் நன்றாகச் சிவந்த மரத்தைத் தேர்ந்து, அதையே பெருக்கினார்கள். நியூஜெர்சியின் பிரின்ஸ்டன் நர்சரி 1961-இல் 'அக்டோபர் குளோரி'யைக் கொண்டுவந்தது; ஒரிகனின் ஃபிராங்க் ஷ்மிட் நர்சரி 1966-இல் 'ரெட் சன்செட்'டைக் கொண்டுவந்தது. முதலில் ஒட்டுக்கட்டித்தான் வளர்த்தார்கள். ஒட்டு பிடித்துக்கொண்டது, மரமும் செழித்தது. சில வருடம் கழித்து ஒட்டின் இடத்திலேயே பல மரங்கள் நலிந்தன, முறிந்தன. வேர்ச்செடியும் ஒட்டும் ஒத்துப்போகவில்லை என்பது அத்தனை தாமதமாகத்தான் தெரிந்தது. பிறகே இளந்தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து, சொந்த வேரில் வளர்க்கும் முறைக்கு மாறினார்கள். அலங்கார மர ஆராய்ச்சியின் பெரும்பகுதி இப்படிக் காத்திருப்பதுதான்.

இன்னொரு சிக்கல் ஊர். 'அக்டோபர் குளோரி' தாமதமாகச் சிவக்கும் ரகம். நடுங்கும் வடக்கே நட்டால், சிவப்பதற்குள் உறைபனி வந்து இலையைக் கருக்கிவிடும். மினசோட்டா பல்கலைக்கழகம் தன் குளிரைத் தாங்க 'நார்த்வுட்' என்ற ரகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்தது. வெப்பமான அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகம் பல ரகங்களின் வளர்ச்சியையும் நிறத்தையும் தன் மண்ணில் வைத்தே மதிப்பிட்டது. நிறத்தை அளப்பதே நுணுக்கமான வேலை. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளை உண்டு. அதை இலைமேல் வைத்து, துளைக்குள் தெரியும் நிறமும் சுற்றியுள்ள நிறமும் ஒன்றாகும்வரை அட்டையை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரே இலையில் நரம்போரம் ஒரு நிறம், நுனியில் வேறு நிறம். எதைக் கணக்கில் எடுப்பது?

ஊர் ஊராகச் செய்யும் இந்தப் பொறுமையான வேலைதான் எனக்கு உயர்வாகப் படுகிறது. விற்பனைப் பட்டியலின் வண்ணப்படத்தைப் பார்த்து மரம் வாங்குவதும், ஒரே ரகத்தைத் தெரு முழுக்க நடுவதும் தவறு. ஒரே தாய்மரத்தின் நகல்களாக நின்றால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் நிற்கும் நாட்டு வாதுமையும் உதிரும் முன் இலையைச் சிவக்க வைக்கிறது. இங்கே உறைபனி இல்லை, வெயிலுக்கோ பஞ்சமில்லை. ஹோக்கினுடையதைப் போன்ற ஒரு சோதனையை இந்த மரத்தில் செய்து பார்க்கலாம். விழுந்த சிவப்பு இலையில் எவ்வளவு தழைச்சத்து மிச்சம், விழுந்த மஞ்சள் இலையில் எவ்வளவு என்று அளப்பது ஒரு வேளாண் கல்லூரி ஆய்வகத்துக்குக் கைக்கெட்டும் வேலை. யாராவது எடுத்துச் செய்தால், முடிவைப் படிக்க முதல் ஆளாக நான் நிற்பேன்.