வினிகரும் ஒரு நாள் கூலியும்

"நாப்பது தாண்டிடுச்சே, ஒரு தபா ஆஸ்பத்திரில காட்டிட்டு வரக்கூடாதா அத்தே?" என்று கேட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் தேர் போகும் வீதியைப் பெருக்குகிறவள். துடைப்பத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "நோவு வந்தா போவலாம் கண்ணு. நோவே இல்லாதவ ஒரு நாள் கூலிய உட்டுட்டுப் போயி இன்னான்னு சொல்றது?"

'விழிப்புணர்வு இல்லாத மக்கள்' என்று இதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள் படித்தவர்கள். நாகரிகமான வசவு. ஊர் கண் விழிப்பதற்குள் ஊரையே பெருக்கி முடிக்கிறவளுக்கா விழிப்பு இல்லை? அவள் கணக்கு சரியான கணக்கு. நோய் நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். கூலி இன்றைக்கே போய்விடும்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. 2000-ல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிப் பார்ப்பது. கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுக்கும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். ஒரே ஒரு முறை சோதனை. 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது? சோதனை செய்யாமல் வழக்கம்போல விடப்பட்ட ஏழைப் பெண்களின் சாவோடு. இதே தமிழ்மண்ணில், நம் போன்ற பெண்களின் உயிரைக் கொடுத்து அறிந்த உண்மை இது.

அறிந்து என்ன செய்தோம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

கூலி மட்டுமா தடை? தொடுவதும் தடைதான். 1929-ல் காத்தியவாரில் பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்த ஒரு தீண்டப்படாத பெண்ணைப் பார்க்க டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். அவளை வெளியே தூக்கி வரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் புருசனிடம் கொடுத்தார், புருசன் அவளிடம் கொடுத்தான். அவள் செத்துப்போனாள். அண்ணல் அம்பேத்கர் தன் குறிப்புகளில் இதை எடுத்துவைத்திருக்கிறார். இன்றைக்கு யாரும் அப்படி வெளிப்படையாகச் செய்வதில்லை. ஆனால் "எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டு முகம் மாறுவதை முகாம்களில் நானே பார்த்திருக்கிறேன். உடம்பைத் திறந்து காட்ட வேண்டிய சோதனைக்கு அந்த முகத்தின் முன்னால் எவள் போய்ப் படுப்பாள்?

தோழர்களே, நம் யோக்கியதையையும் பார்ப்போம். அண்ணல் நீரிழிவோடு மல்லுக்கட்டி, 1956-ல் 65 வயதில் மறைந்தார். டிசம்பர் 6-ல் மாலை போடும் நம்மில் எத்தனை பேர் சர்க்கரை பார்த்திருக்கிறோம்? "அதெல்லாம் போய் எவன்கிட்டயும் காட்டவேணாம்" என்று வீட்டுப் பெண்களைத் தடுப்பது எந்தச் சாதி இந்து? நாம்தானே!

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தது. நல்லது. நாம் கேட்பது அதற்கு மேல். காண்டிராக்ட் துப்புரவுத் தொழிலாளிக்குச் சோதனை நாள் சம்பள நாளாக வேண்டும். பெண் நர்சு நம் காலனிக்குள் வந்து பார்க்க வேண்டும். முடிவை நமக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். கோளாறு தெரிந்தால் கூட்டிப்போய் வைத்தியம் முடியும்வரை கூட நிற்க வேண்டும். காரப்பேட்டையில் அண்ணா பேரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவரும் இந்த ஊர்க்காரர், அந்த நோயில்தான் 1969-ல் போனார். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதே நமக்கு வழக்கமாகிவிட்டது.

சலுகை கேட்கவில்லை. ஊரின் அழுக்கை வாரி நோயை வாங்கிக்கொள்கிறவளுக்கு ஊர் பட்டிருக்கும் கடனைக் கேட்கிறோம். அடுத்த தெருக்கூட்டத்தில் இதுவே முதல் தீர்மானமாகட்டும். அத்தையே அதை முன்மொழியட்டும்.