ஊருக்கு ஒரு காற்றாலை: லாபமா, நஷ்டமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

ஊருக்கு மின்சார யந்திரம் வருகிறது என்றால், இந்தப் பழமொழியை நம்பாதீர்கள். பல்லைப் பிடித்துப் பாருங்கள். வயதைக் கேளுங்கள். தீனி போடப் போவது யார் என்றும் கேளுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? இரண்டு ஊர்களின் கதையைப் படியுங்கள். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

காற்றை விலைக்கு விற்ற ஊர்

முதல் ஊர் ஓடந்துறை. கோவை ஜில்லாவில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு தலைவலி. தெரு விளக்கு எரிய வேண்டும். குடிதண்ணீர் பம்பு ஓட வேண்டும். இரண்டுக்கும் மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று.

1996 முதல் 2006 வரை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். அவர் காலத்தில் மாற்று வழி தேடினார்கள். முதலில் சில தெருக்களில் சூரிய விளக்கு வைத்தார்கள். பிறகு, கழிவு விறகிலிருந்து வாயு எடுத்து, அதனால் தண்ணீர்ப் பம்பை ஓட்டினார்கள். செலவு குறைந்தது. தைரியம் பிறந்தது.

2006-ம் ஆண்டில் பஞ்சாயத்தே ஒரு காற்றாலை வாங்கியது!

அதன் சக்தி 350 கிலோவாட். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். இதில் 40 லட்சம் பஞ்சாயத்தின் சேமிப்பு. மீதி 1 கோடியே 15 லட்சம் பாங்கிக் கடன்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பலமாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. அங்கே உண்டாகும் மின்சாரம் மின்சார வாரியத்தின் கம்பியில் கலந்துவிடும். எவ்வளவு கலந்தது என்பதை மீட்டர் காட்டும். அந்தக் கணக்குப்படி பஞ்சாயத்துக்கு வரவு.

ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் கிடைக்கும் என்பது கணக்கு. ஊரின் தேவையோ சுமார் 4½ லட்சம் யூனிட்தான். மிச்சத்தை விற்றார்கள். அந்த வருமானத்திலிருந்து கடன் தவணை கட்டினார்கள்.

மாட்டுக் கொட்டகை ஆன மின் நிலையம்

இரண்டாவது ஊர் தர்னை. பீகாரில், ஜெகானாபாத் ஜில்லாவில் இருக்கிறது. சுமார் 30 ஆண்டுகள் மின்சாரமே இல்லாமல் இருந்த கிராமம்.

2014-ம் ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. விளக்குகள் எரிந்தன. ஊரே மகிழ்ந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் பாராட்டின.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சூரிய மின்சாரத்துக்கு விலை அதிகம். அதிக மின்சாரம் இழுக்கும் சாமான்களை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இதற்கிடையில் சர்க்கார் மின்சாரமும் வந்து சேர்ந்தது. அது மலிவு. ஜனங்கள் அதற்கு மாறிவிட்டார்கள்.

பாட்டரிகளுக்கு ஆயுள் முடிந்தது. புதிய பாட்டரி வாங்கிப் போடுவார் இல்லை. சில ஆண்டுகளில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள்!

வித்தியாசம் எங்கே?

"காற்று நல்லது, சூரியன் கெட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் நல்லவைதான். காற்றுக்கும் வெயிலுக்கும் யாரும் பில் அனுப்புவதில்லை. புகையும் இல்லை.

என் கருத்து இதுதான்: யந்திரம் மட்டும் ஊருக்கு லாபம் தராது. அது யாருடைய சொத்து, அதன் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் லாபம் இருக்கிறது.

ஓடந்துறை தன் சேமிப்பைப் போட்டது. கடனுக்கும் தானே பொறுப்பு ஏற்றது. தன் பணம் போட்டவன் கண் மூடித் தூங்குவானா? யந்திரம் நின்றால் உடனே விசாரிப்பான். தர்னைக்கு யந்திரம் வந்தது. அதைக் காப்பாற்றும் வழி வரவில்லை.

"எல்லாப் பஞ்சாயத்துக்கும் 40 லட்சம் எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், ஓடந்துறையும் எடுத்த எடுப்பில் காற்றாலை வாங்கவில்லை. தெரு விளக்கில்தான் தொடங்கியது. சிறிதாகத் தொடங்கிக் கணக்குப் பார்க்கப் பழகியது. பிறகுதான் பெரிய காரியத்தில் இறங்கியது.

மூன்று கேள்விகள்

உங்கள் ஊருக்கும் நாளை யாராவது இப்படி ஒரு திட்டத்தோடு வரலாம். மாலை போட்டு வரவேற்கும் முன்பு மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. இது யாருக்குச் சொந்தம்? வருமானம் யாருக்கு?

2. ஒரு யூனிட் என்ன விலை? வாரியத்தின் மின்சாரத்தைவிடக் குறைவா, கூடுதலா?

3. பழுது ஆனால் யார் பார்ப்பது? பாட்டரி மாற்றுவதற்கு இப்போதிருந்தே பணம் சேர்ப்பார்களா?

கேட்பதற்கு இடம் இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் ஊருக்கு ஊர் கிராம சபை கூடுகிறது. அங்கே யாரும் எழுந்து பேசலாம்.

தாய்மார்களே! நீங்களும் போங்கள். ஒரு ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினாலும் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பவர்கள் நீங்கள். ஊர்ப் பணம் கோடிக்கணக்கில் போகும்போது, ஒரு முறை புரட்டிப் பார்த்தால் தவறா?