செத்தவர் சொன்னால் ஓட்டா?

சமூக வலைத்தளங்கள் வந்துவிட்டபடியால் இனி ஓட்டர்களுக்குத் தானாகவே அறிவு வந்துவிடும் என்று சிலர் பூரித்துப் பேசுகிறார்கள். வீட்டில் அடுப்பு இருப்பதாலேயே வயிறு நிரம்பிவிடுமானால், இதையும் நாம் ஒப்புக்கொள்ளத் தடையில்லை.

நடந்ததைப் பாருங்கள். திரு. மு. கருணாநிதி 2018-லும், செல்வி ஜெ. ஜெயலலிதா 2016-லும் காலமானவர்கள். ஆனால் பாராளுமன்றத் தேர்தல் நடந்த 2024-ல், ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாத் திரையில் முன்னவர் தோன்றி மகனுடைய தலைமையைப் புகழ்ந்தார். பிப்ரவரியில், தமது பிறந்த நாளன்று, பின்னவர் குரல் தம் கட்சிக்கு ஆதரவு கேட்டது. இரண்டும் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி வித்தையால் செய்யப்பட்டு, வலைத்தளங்களின் வழியே ஊரெங்கும் பரவியவையே.

சாமியாடியின் வாயில் செத்துப்போன பாட்டன் பேசுகிறான் என்றால் நம் தோழர்கள் என்ன கேட்பார்கள்? "பேசுவது பாட்டனா, பூசாரியா?" என்றுதானே கேட்பார்கள்! அந்தக் கேள்வி கைபேசியைக் கண்டதும் எங்கே போய் ஒளிந்துகொள்ளுகிறது?

"அன்பினால் செய்தோம், மறைத்தா செய்தோம்?" என்கிறார்கள். அன்புதான் காரணமென்றால் அவர் உயிரோடிருந்தபோது பேசிய பேச்சையே போட்டுக் காட்டலாமே! அவர் சொல்லாததை அவர் வாயில் ஏன் வைக்கவேண்டும்? உயிரோடிருக்கும் தலைவரை, "போன தடவை சொன்னது என்னவாயிற்று?" என்று ஓட்டர் மடக்கிக் கேட்கலாம். செத்தவரைக் கேட்க முடியுமா? கேட்க முடியாதவரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இதிலுள்ள சூட்சுமம். கடவுளின் பேரால் நடந்துவரும் வியாபாரமும் இதுதான்.

இன்னொன்று. தேர்தல் நோட்டீசு ஒன்று அச்சிட்டால், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் விலாசமும் அதில் இருக்கவேண்டுமென்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் சேதிக்கோ தாயுமில்லை, தகப்பனுமில்லை. 2018-ல் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்பக்கூடாதென்று அந்தக் கம்பெனியே கட்டுப்பாடு போட நேர்ந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியாமலே, "பெரியவர்கள் சொன்னார்கள்" என்று நம்பிய புராணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கருவியின்மேல் நமக்குக் கோபமில்லை. சுப்ரீம் கோர்ட்டு 2002-லும் 2003-லும் அளித்த தீர்ப்புகளின் பலனாக, ஒவ்வொரு அபேட்சகரும் தன் சொத்து, கடன், படிப்பு, தன்மேலுள்ள கிரிமினல் வழக்கு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தேர்தல் கமிஷன் அதை வலைத்தளத்தில் வெளியிடுகிறது. அதே கைபேசியில் அதையும் படிக்கலாம். நம்மில் எத்தனை பேர் படித்தோம்? படித்து எத்தனை பேருக்கு அனுப்பினோம்?

ஆகவே தோழர்களே, எந்தச் சேதி வந்தாலும், சொன்னவர் யார், அத்தாட்சி என்ன, இதனால் லாபம் யாருக்கு என்று கேளுங்கள். பதில் கிடைக்காத சேதியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தேர்தலுக்கு முன் உங்கள் தொகுதி அபேட்சகர்களின் பிரமாணப் பத்திரங்களை எடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள். ஓட்டுப் போடப் போகிறவர்கள் உயிருள்ளவர்கள். ஆளப்படப் போகிறவர்களும் அவர்களே. யோசனை சொல்லச் செத்தவர் எதற்கு?