வண்டி கைமாறுது... எச்சரிக்கை கைமாறுதா?



சனிக்கிழமை சாயங்காலம். கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. ரோடு. ஒரு பக்கம் தெற்கே போகும் ஆம்னி பஸ், இன்னொரு பக்கம் லோடு லாரி. நடு லேனில் ஒரு கார். திடீர்னு இன்ஜின் ஆஃப். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஒன்னும் நடக்கல. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு பிரேக் போட எத்தனை வினாடி கிடைக்கும்?

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்த நிலைக்குக் கொண்டுவிடக்கூடிய பாகம் கற்பனை அல்ல. அதன் பெயர் ஃப்யூயல் பம்ப். பெட்ரோல் டேங்குக்குள் உட்கார்ந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றிவிடும் சின்ன மோட்டார். அதற்குள் இம்பெல்லர் என்று ஒரு பிளாஸ்டிக் சக்கரம் சுற்றும். அந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சரியில்லை என்றால் அது பெட்ரோலை உறிஞ்சி உப்பிவிடும். உப்பினால் பம்பின் கூட்டில் உரசும், சிக்கும். பம்ப் நின்றால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் வண்டி நிற்கும். எங்கே நிற்கும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கோளாறுக்காக டொயோட்டா, ஹோண்டா நிறுவனங்கள் 2020 முதல் உலகம் முழுக்கப் பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன.

நம்ம நாட்டுக் கணக்கைப் பாருங்க.

2020 ஜூனில் ஹோண்டா 65,651 கார்களை ஃப்யூயல் பம்ப் மாற்ற அழைத்தது. 2021 ஏப்ரலில் இன்னும் 77,954. 2024 அக்டோபரில் இன்னும் 90,468. மாருதி சுசூகி 2020 ஜூலையில் வேகன் ஆர், பலேனோ இரண்டும் சேர்த்து 1,34,885 கார்களை அழைத்தது. 2024 மார்ச்சில் அதே இரண்டு மாடலில் மறுபடியும் 16,041.

2024 ஹோண்டா அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. முன்பு பம்ப் பழுதாகி, ஸ்பேர் பார்ட்டாக வாங்கி மாட்டிய 2,204 பழைய வண்டிகளுக்கும் அதே பிரச்சினை! அதாவது, "என் வண்டி அந்த வருஷத்து வண்டி இல்லையே" என்று நிம்மதியாக இருந்தவர் வீட்டுக்குள்ளும் அந்தப் பம்ப் வந்திருக்கிறது.

நியாயமாகவே பேசுவோம். கோளாறைத் தானே ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொன்ன நிறுவனத்தை நாம் குறை சொல்லவில்லை. மூடி மறைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பட்டியலில் இருக்கும் எல்லா வண்டியும் நாளைக்கே நின்றுவிடும் என்று பயமுறுத்தவும் இல்லை.

நம் கேள்வி வேறு. அழைப்பு யாருக்குப் போகிறது?

நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும் போன் நம்பருக்குப் போகிறது. ஷோரூமில் புது வண்டி எடுத்தவரின் நம்பர் அது. அவர் அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்டார். இன்றைக்கு அதை ஓட்டுவது யார்? ஊரப்பாக்கத்திலும் நந்திவரத்திலும் மண்ணிவாக்கத்திலும் கடன் வாங்கி வீடு கட்டி, இ.எம்.ஐ. போக மிச்சம் பிடித்து, குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர செகண்ட் ஹேண்டில் ஒரு அமேஸோ வேகன் ஆரோ வாங்கியவர். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் ராத்திரி பகலாக டாக்ஸி ஓட்டுபவர். அவருக்கு சர்வீஸ் தெருமுனை மெக்கானிக்கிடம்தான். கம்பெனி சர்வீஸ் சென்டர் வாசலையே மிதித்திருக்க மாட்டார். அவருக்கு யார் சொன்னது?

வண்டியின் ஆர்.சி. கைமாறியது. கடன் பாக்கி கைமாறியது. எச்சரிக்கை மட்டும் கைமாறவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 2012 முதல் வாகன உற்பத்தியாளர்கள் தாங்களாகவே பின்பற்றும் ஒரு நெறிமுறைதான் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான கோளாறு இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி ஒன்றிய அரசே ஆணையிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலுக்கு வந்தன. கட்டாய ரீகால் என்றால் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இரண்டு ஓட்டைகள்.

ஒன்று, தயாரித்து 7 ஆண்டுக்குள் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தக் கட்டாயம். ஏழு வயதான வண்டி யார் கையில் இருக்கும்? பணக்காரர் வீட்டு போர்ட்டிகோவிலா? இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்து, நம்மைப் போன்றவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். சாமானியன் கைக்கு வண்டி வரும் நேரத்தில் சட்டம் கை கழுவிக்கொள்கிறது.

இரண்டு, திரும்ப அழைத்த வண்டிகளில் எத்தனை உண்மையில் சரிசெய்யப்பட்டன? "இத்தனை வண்டியை அழைத்தோம்" என்ற செய்தி பேப்பரில் வருகிறது. "இத்தனை வண்டியில் பம்ப் மாற்றிவிட்டோம்" என்ற செய்தியை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் எத்தனை வண்டி சரிசெய்யப்பட்டது என்று நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் அரசின் ஒரே இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியில் பாதுகாப்பு ரீகாலைச் செய்யாத வண்டி ரோட்டில் ஓடவே தடை விதிக்க முடியும். நம்ம உயிர் மட்டும் என்ன மலிவா?

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தும் வரை நம்ம பகுதிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே லைனில் நின்று கார் பூட்டியவர்கள். ஒரு பார்ட் பிசகினால் என்ன ஆகும் என்று இந்த மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கார் செய்யத் தெரிந்த ஊருக்கு, அந்தக் காரில் பாதுகாப்பாகப் போகும் உரிமையும் உண்டு.

ஆகவே நாம் கேட்பது இதைத்தான்:

🔴 பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 கொடுக்கும்போதே, அந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கணினியில் காட்ட வேண்டும். டிராஃபிக் ஃபைன் பாக்கி காட்டத் தெரிந்த அரசுக்கு இது முடியாதா?

🔴 டாக்ஸிக்கு எஃப்.சி. எடுக்கும்போதும், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் அதே சோதனை வேண்டும்.

🔴 இப்போதைய உரிமையாளரின் நம்பருக்கு, தமிழில் தகவல் போக வேண்டும்.

🔴 7 ஆண்டு வரம்பு நீக்கப்பட வேண்டும். பம்புக்கு வயசு தெரியாது.

🔴 எத்தனை வண்டி சரிசெய்யப்பட்டது என்ற கணக்கு, மாவட்ட வாரியாகப் பொதுவெளியில் வர வேண்டும்.

🔴 பார்ட் வரவில்லை என்று டாக்ஸி ஓட்டுநரின் வண்டியை நாள் கணக்கில் நிறுத்தினால், அந்த நாட்களின் கூலிக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

அரசு செய்யட்டும், நிறுவனம் செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க முடியாது. இன்னைக்கே செய்ய வேண்டியது என்ன?

✅ ஆர்.சி.யை எடுங்க. அதில் சேசிஸ் நம்பர் இருக்கும். உங்கள் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். முடியலையா? எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து நம்பரைச் சொல்லுங்கள்.

✅ பட்டியலில் இருந்தால் பம்ப் மாற்றுவது இலவசம். நீங்கள் இரண்டாவது ஓனரா மூன்றாவது ஓனரா என்பது கணக்கே இல்லை. காசு கேட்டால் பில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

✅ வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் பதறாதீர்கள். ஹசார்ட் லைட் போட்டு, இருக்கிற வேகத்திலேயே இடது ஓரத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்டியரிங் கனமாகலாம். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் இறுகிவிடும், அதனால் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டு விலகி நில்லுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

✅ கோளாறு வந்தால் மெக்கானிக்கிடம் புலம்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒன்றிய அரசின் வாகன் இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். கட்டாய ரீகாலுக்கு அரசு புகார்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது. தேர்தலில் ஒவ்வொரு ஓட்டும் எப்படியோ, இதிலும் அப்படித்தான். பதியாத புகார், போடாத ஓட்டு!

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் பகுதித் தோழர்களுக்கு ஒரு அன்பான வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் இருக்கும் கார்களைப் பாருங்கள். போனில் இணையம் பார்க்கத் தெரியாத பெரியவர் ஒருவருக்கு, ஸ்டாண்டில் நிற்கும் டாக்ஸி அண்ணன் ஒருவருக்கு, அந்த நம்பரைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அவர் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்க வேண்டாம். ரோட்டில் பின்னால் வரும் லாரி அதைக் கேட்பதில்லை.

பார்த்துவிட்டு, பட்டியலில் இருந்ததா இல்லையா என்று கமென்ட்டில் சொல்லுங்கள். நம்பரைப் போடாதீர்கள், மாடலும் வருஷமும் போதும்.

படித்தால் மட்டும் போதாது, பகிருங்கள். உங்கள் பகிர்வு ஒரு குடும்பத்தைப் பத்திரமாக வீடு சேர்க்கலாம்.

#ரீகால்_நம்_உரிமை
#சேசிஸ்_நம்பரைப்_பாருங்கள்
#கூடுவாஞ்சேரி