எந்த டேங்கரை நிறுத்துவது?

மும்பையின் வடகிழக்கு எல்லையான முலுண்ட் சோதனைச் சாவடியில் பால் டேங்கர் லாரிகளை நிறுத்தி, மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தினர் அவ்வப்போது சோதனை நடத்துவதுண்டு. நல்ல காரியம்தான். ஆனால், வருகிற எல்லா லாரிகளையும் நிறுத்துவது நடக்கிற காரியமல்ல. எதை நிறுத்துவது, எதை விடுவது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 46-ஆவது பிரிவு, மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. மிளகாய்த் தூளுக்கு இது சரி. பாலுக்கு? அறிக்கை வருவதற்குள் அந்தப் பால் தாராவியில் தேநீராகவும் மாதுங்காவில் காபியாகவும் குடித்து முடிக்கப்பட்டிருக்கும். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கலாம். குடித்த குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே, தவறு எங்கே நடக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிப்பது அவசியமாகிறது.

அமெரிக்காவின் சிகாகோ மாநகராட்சி இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கு 15,000-க்கும் அதிகமான உணவு நிலையங்கள். ஆய்வாளர்களோ முப்பது பேருக்குச் சற்று அதிகம். பழைய விதிமீறல்கள், கடைசி ஆய்வுக்குப் பிந்தைய இடைவெளி, சுற்றுப்புறக் குப்பைப் புகார்கள், வெயிலின் அளவு ஆகியவற்றைக் கொண்டு, முதலில் போக வேண்டிய இடங்களைக் கணினி வரிசைப்படுத்தியது. 2014-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடுமையான மீறல்களை இம்முறையில் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே கண்டறிந்திருக்க முடியும் எனத் தெரிந்தது. கணிப்பு முறையையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

நம்மிடமும் தகவல்கள் இல்லாமல் இல்லை. 2020 முதல் உரிமங்கள் புதிய இணையதளம் வழியாக வழங்கப்படுகின்றன. ஆனாலும், 2024 ஏப்ரலில் இரு இந்திய நிறுவனங்களின் மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதை ஹாங்காங் அறிவித்த பிறகுதான் தில்லி நாடு தழுவிய சோதனைக்கு உத்தரவிட்டது.

ஒன்றில் எச்சரிக்கை தேவை. கணினிக்குத் தெரிவது அதிகாரிகள் எழுதி வைத்தது மட்டுமே. குடிசைப் பகுதிகளுக்கே ஆய்வாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தால், கணினியும் குடிசையையே காட்டும். விடியற்காலையில் தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் ஊரெங்கும் விற்கும் நம்மவர்களுக்குத் தேவை நல்ல குடிநீர்க் குழாயும் பயிற்சியும்தான்; திடீர் சோதனையும் அபராதமும் அல்ல.

2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை ஆக்ட்ராய் வரிக்காக இதே முலுண்டில் சரக்கு லாரிகளுக்குக் கணக்கு எழுதினார்கள். அதே அக்கறையுடன் ஒவ்வொரு பால் மாதிரியின் முடிவையும், அது புறப்பட்ட குளிரூட்டும் நிலையத்தின் பெயரையும் மகாராஷ்டிர அரசு மாதந்தோறும் வெளியிடட்டும். கணேஷ் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் பால், கோவா தேவை உச்சத்தைத் தொடும் முன்பே இது தொடங்கப்பட வேண்டும்.