குழாய் என்றால் மட்டமா?

ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களிடம் ஒரு தீர்ப்பு வேரூன்றிவிட்டது: போர்ட் குழாய் வைப்பது மலிவு வேலை, பாசிவ் ரேடியேட்டர்தான் உயர்தரம். இது தவறு, இதை நம்பிப் பலர் வீணாகக் காசைக் கொட்டுகிறார்கள்.

ரேடியேட்டர் கூடுதல் பேஸ் தரும் என்பது முதல் வாதம். புளூடூத் ஸ்பீக்கரின் இரு முனையிலும் அது துடிப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதில் வாய்ஸ் காயிலும் இல்லை, காந்தமும் இல்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங்காக நிற்க, அதன்மேல் ஒரு எடை ஆடுகிறது. போர்ட்டில் அந்த எடை குழாய்க்குள் இருக்கும் காற்று, ரேடியேட்டரில் கோன். துராஸ் என்பவர் 1932இல் காப்புரிமை பெற்ற போர்ட்டும் ஓல்சன் என்பவர் 1935இல் பெற்ற ரேடியேட்டரும் ஒரே தத்துவம்தான். பெட்டியும் டியூனிங்கும் (அந்தக் காற்று ஸ்பிரிங்கில் எடை ஆடும் அதிர்வெண்) ஒன்றானால் பேஸும் ஏறக்குறைய ஒன்றே. சொல்லப்போனால், ரேடியேட்டரின் சொந்த அதிர்வெண்ணில் ஒலி பள்ளமாக விழுவதால் அடிமட்ட பேஸ் அங்கே சீக்கிரமே சரிந்துவிடும்.

போர்ட் 'புஸ்' என்று ஊதும் என்பது அடுத்த வாதம். குழாய் ஒடுக்கமாக இருந்தால் ஊதும். அகலமாக வைத்து வாயை வளைத்து விரித்தால் அடங்கும். உண்மையான சிக்கல் நீளம். 60 லிட்டர் பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் சுமார் 36 செ.மீ. போதும். பி.வி.சி. குழாயை வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. பெட்டி 20 லிட்டரானால் அதே குழாய் 1.2 மீட்டர் வேண்டும்! உள்ளே மடக்கித் திணித்தாலும், 140 ஹெர்ட்ஸ் அருகே குழாயே ஊதல்போல ஒலித்து ஆண்குரலைக் கெடுக்கும். பாதி விட்டத்தில் 29 செ.மீ. போதும், ஆனால் காற்று நான்கு மடங்கு வேகத்தில் பாயும். இங்கேதான் ரேடியேட்டருக்கு உண்மையான மதிப்பு. 8 அங்குல ரேடியேட்டரின் கோன் எடை 90 கிராமுக்குச் சற்று மேல் இருந்தால் அதே டியூனிங் கிடைக்கும். பின்பக்கத் திருகில் வாஷர்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். ஆனால் டிரைவர் (மின்சாரத்தில் இயங்கும் முதன்மை ஸ்பீக்கர்) தள்ளும் காற்றைப்போல் குறைந்தது இரு மடங்கை அது தள்ள வேண்டும்; பெரும்பாலும் இரண்டு ரேடியேட்டர் வாங்க நேரிடும்.

ரேடியேட்டர் டிரைவரைக் காக்கும் என்பதும் பொய். டியூனிங்குக்குக் கீழே இரண்டு வகைப் பெட்டியிலும் டிரைவர் கோன் பிடிப்பில்லாமல் ஆடும். அதைத் தடுக்க, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்தாக வேண்டும்.