ஷார்ப்னஸ் மதகுக்கு வெளியே

நேரோபோட் கால்வாய்க்கென்றே பிறந்த படகு. இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களில் லாக் எனப்படும் மதகு அறைகளின் அகலம் ஏழடிதான். அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே இந்தப் படகின் அகலம் 2.1 மீட்டருக்குள் நிற்கிறது. நீளம் 22 மீட்டர் வரை போகும். அடிப்பாகம் பலகைபோல் தட்டை. எஞ்சின் அறைக்குக் காற்று போகும் துளைகள் பல படகுகளில் நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில்தான் இருக்கின்றன. ஐரோப்பியப் படகு வகைப்பாட்டில் இவற்றில் பெரும்பாலானவை ‘டி’ பிரிவைச் சேர்ந்தவை: காற்று நான்காம் விசைக்கு மிகாமலும், அலை சுமார் 0.3 மீட்டருக்கு மிகாமலும் உள்ள நீருக்கு ஏற்றவை. செவர்ன் ஆற்றின் கழிமுகம் இந்த எல்லைக்குள் அடங்கிக் கிடக்கும் நாட்களும் உண்டு, அடங்காத நாட்களும் உண்டு. அதை நேரோபோட்டில் கடப்பவரின் வேலை அடங்கிக் கிடக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது.

கடக்க வேண்டிய தேவை வரைபடத்திலேயே தெரியும். 1827இல் திறக்கப்பட்ட கிளாஸ்டர்–ஷார்ப்னஸ் கால்வாய் 16 மைல் ஓடி, ஷார்ப்னஸ் துறைமுகத்தில் செவர்ன் ஆற்றில் முடிகிறது. 1810இல் முழுமையடைந்த கென்னட்–ஏவன் கால்வாய்வழி பிரிஸ்டலையும் தேம்ஸ் ஆற்றையும் இணைக்கிறது. இரண்டுக்கும் இடையில், ஷார்ப்னஸிலிருந்து போர்ட்டிஸ்ஹெட் வரை, 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட ஓத நீர். உள்நாட்டு வழியாகவே போக வேண்டுமென்றால் பர்மிங்ஹாம் பக்கம் ஏறி, ஆக்ஸ்ஃபர்டு கால்வாய் பிடித்து, தேம்ஸில் இறங்கி வர வாரக்கணக்கில் ஆகும். கழிமுகம் வழியாக ஒரே ஓதத்தில் வேலை முடியும்.

அந்த ஓதம் உலகத்தின் மிகப் பெரிய ஓதங்களில் ஒன்று. அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீர், புனல்போல் குறுகிக்கொண்டே போகும் பிரிஸ்டல் சேனலுக்குள் திணிக்கப்படுகிறது. அடித்தளமும் மேடாகிக்கொண்டே வருவதால் நீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏவன்மத் துறைமுகத்தில் நீர்மட்டம் சராசரியாக 12 மீட்டர் ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிதான். மேலே ஷார்ப்னஸில் ஏற்றம் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். வடிதல் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் நீளும். பெரிய ஓத நாளில் ஷூட்ஸ் எனும் குறுகலான பள்ளத்தில் நீரோட்டம் மணிக்கு 8 கடல் மைல், அதாவது 8 நாட், வரை போகும். நேரோபோட் தன் முழு விசையில் தரும் வேகம் 5 நாட் அளவுதான்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே இந்தப் பயணத்தின் தன்மை புரிந்துவிடும். ஓட்டம் வலுத்த பிறகு படகால் திரும்பி வர இயலாது. கிளம்பிய மதகு பின்னால் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். போய்ச் சேர முடியாது. கால்வாயில் பழகியவருக்கு இது புதிது. அங்கே சந்தேகம் வந்தால் கரையில் ஒதுங்கி ஆணியடித்துக் கட்டிவிடலாம். கழிமுகத்தில் கரை என்பது இடுப்பளவு சேறு. ஆகவே எல்லா முடிவுகளும் லாக்கின் கதவு திறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அவற்றில் முதலாவது டீசல் டாங்கி பற்றியது. செவர்னில் நேரோபோட்டுக்கு வரும் ஆபத்து என்றவுடன் அலை ஏறிக் கவிழ்வதே பலர் மனதில் எழுகிறது. அதைவிட நெருக்கமான ஆபத்து எஞ்சின் நின்றுபோவது. ஆண்டுக்கணக்கில் ஆடாமல் அசையாமல் கால்வாயில் கிடந்த டாங்கியின் அடியில் நீரும் துருவும், டீசலில் வளரும் நுண்ணுயிர்க் கசடும் படிந்திருக்கும். கால்வாயில் அது கிளறப்படாமலே காலம் போய்விடும். முதல் அலை படகை உருட்டும்போது அந்தக் கசடு முழுவதும் மேலெழுந்து வடிகட்டிக்குப் போகிறது. கண்ணாடிக் கிண்ணம் பொருத்திய முன்வடிகட்டி இருந்தால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தேன் நிறத்தில் தெளிந்திருந்த டீசல் கலங்கும், கிண்ணத்தின் அடியில் கறுப்பாக, தேயிலைத் தூள்போல், துகள்கள் சேரும், சிறிது நேரத்தில் எஞ்சினின் ஒலி தடுமாறும். அதற்குப் பிறகு 15 டன் எஃகு ஓட்டத்தோடு குறுக்காக மிதக்கும் பொருளாகிவிடுகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டாங்கியின் அடிநீரை வடித்து, கசடைக் கழுவி, புது வடிகட்டி மாட்டி, மாற்று வடிகட்டி ஒன்றையும் அதைக் கழற்றும் கருவியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி எஞ்சினை மீண்டும் கிளப்பும் வேலையைக் கரையில் ஒருமுறையாவது செய்து பார்த்தவர் படகில் ஒருவர் இருப்பது அவசியம்.

அடுத்தது, நீர் புகும் வழிகள். சுழலியில் சிக்கும் களையை எடுப்பதற்காகப் பின்பக்கத்தில் ஒரு மூடி உண்டு. அதன் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராவிட்டால் எஞ்சின் அறையில் நீர் ஏறும். முன்தட்டின் வடிதுளைகள், பக்கவாட்டுக் காற்றுத் துளைகள், தாழ்ந்த முன்கதவு எல்லாவற்றையும் தற்காலிகமாக அடைக்க வேண்டும். எரிவாயு அடுப்புக்கும் எஞ்சினுக்கும் காற்று தேவை என்பதால், எதை அடைத்தோம் என்ற குறிப்பு கையில் இருப்பது நல்லது. பெரும்பாலான நேரோபோட்டுகளின் எஞ்சின், படகின் உடல்தகட்டை ஒட்டிய மூடிய தொட்டி வழியாகக் குளிர்கிறது. ஆற்று நீரை உறிஞ்சுவதில்லை. செவர்னின் குழம்பு நீரில் இது பெரிய வரம்.

நங்கூரம் அணியத்தில், சங்கிலியும் நீண்ட கயிறும் பூட்டி, கையால் தள்ளினால் விழும் நிலையில் காத்திருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் கிடக்கும் நங்கூரம் எஞ்சின் நின்ற கணத்தில் பயன்படாது. உயிர்காப்புச் சட்டை அனைவருக்கும் வேண்டும். விஎச்எஃப் வானொலியும் வேண்டும். ஷார்ப்னஸ் 13ஆம் அலைவரிசையிலும், பிரிஸ்டல் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு 12இலும் கேட்கின்றன.

கழிமுகத்தில் படகுக்கு வழிகாட்டும் பைலட் பற்றிக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அனுபவமுள்ளவர் துணையில்லாமல் கடப்பதும் உண்டு. ஆனால் முதன்முறை போகிறவருக்குப் பைலட்டின் கட்டணத்தை வீண் செலவு என்று சொல்வது தவறான அறிவுரை. மணல்திட்டுகள் இடம் மாறுகின்றன. நீரின் நிறம் ஆழத்தைக் காட்டுவதில்லை. கரையில் உள்ள வழிகாட்டு விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ப்படுத்தி ஓட்டும் பழக்கம் கால்வாயில் வருவதில்லை. பைலட் இன்று வேண்டாம் என்றால் கேள்வி கேட்காமல் காத்திருப்பதும் அந்தக் கட்டணத்தில் அடக்கம். தென்மேற்குக் காற்று வடியும் நீருக்கு எதிராக வீசும்போது குட்டையான செங்குத்து அலைகள் எழும். மென்காற்றிலேயே அது தட்டையடிப் படகை வாட்டும். பயணத் திட்டத்தில் காத்திருப்பு நாட்களுக்கு இடம் விடாதவருக்கு, கிளம்பக் கூடாத நாளில் கிளம்ப நேர்கிறது. ஓதத்தைப் பொறுத்தவரை, பெரிய ஓதத்திலிருந்து சிறிய ஓதத்துக்கு இறங்கும் நடுநாட்களே உகந்தவை: ஓட்டம் போதிய அளவு உதவும், மிஞ்சிப் போகாது.

உயர்நீருக்குச் சற்று முன் படகு ஷார்ப்னஸ் லாக்கிலிருந்து வெளியேறி, ஏற்றத்தின் கடைசி வலுவை எதிர்த்துத் தொடங்குகிறது. இடக்கரையில் 1989இல் மூடப்பட்ட பார்க்லி அணுமின் நிலையம் கடந்துபோகும். பிறகு ஷெப்பர்டைன், அதற்கப்பால் ஓல்ட்பரி அணுமின் நிலையமும் அதன் ஓதத் தேக்கமும். அங்கிருந்து நீர்ப்பாதை ஆற்றைக் குறுக்காகக் கடந்து மேற்குக் கரையை ஒட்டிய ஸ்லைம் ரோடு எனும் பகுதிக்குப் போகிறது. அகலமாகத் தெரியும் நீர்ப்பரப்பில் பெரும்பகுதி பாறையையும் மணலையும் மூடிய ஆழமற்ற நீர் என்பதால் நேர்க்கோட்டில் போக வழியில்லை. 1966இல் திறந்த செவர்ன் பாலத்தடியில் வை ஆறு வந்து கலக்க, நீர் சுழித்துக் கொதிக்கும். அங்கே படகு தானாகத் தலை திரும்பப் பார்க்கும். சுக்கானைச் சிறுகச் சிறுகத் திருத்திக்கொண்டிருந்தால் போதும், பெரிதாகத் திருப்பினால் படகு பக்கம் காட்டிவிடும். அடுத்து 1996இல் திறந்த இரண்டாவது பாலம். அதன் கீழே, இங்கிலிஷ் ஸ்டோன்ஸ் பாறைகளுக்குப் பக்கத்தில், ஷூட்ஸ். இந்த இடத்தில் தரையோடு ஒப்பிட்டால் படகின் வேகம் இரு மடங்குக்கும் மேல். ஏவன்மத் அருகே வரும்போது பெருங்கப்பல்கள் எழுப்பும் அலையை முனையால் வாங்க வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால் அலமாரிகள் காலியாகும். போர்ட்டிஸ்ஹெட் லாக்குக்குள் நுழைந்து, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்து, ஏவன் ஆற்றில் ஏறி பிரிஸ்டல் மிதவைத் துறைமுகத்தை அடைவது வழக்கம்.

எதிர்த்திசைப் பயணத்தில் சிக்கல் முடிவில் வருகிறது. ஏற்றம் படகைத் தூக்கிக்கொண்டு வந்து ஷார்ப்னஸ் வாயிலைத் தாண்டிக் கொண்டுபோகப் பார்க்கும். வாயிலுக்கு முன்பே படகைத் திருப்பி, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, எஞ்சின் விசையால் நிலைநிறுத்தி, பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே நுழைய வேண்டும். தாமதமாகத் திருப்பினால் நடப்பது என்ன என்பதற்கு 1960 அக்டோபர் 25ஆம் தேதி இரவு சான்று. அடர்ந்த மூடுபனியில் ஆர்க்கண்டேல் எச், வாஸ்ட்டேல் எச் என்ற இரு எண்ணெய்ப் படகுகள் வாயிலைத் தவறவிட்டன. ஓட்டம் அவற்றை மேலே இழுத்துச் சென்றது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, 1879இல் கட்டிய செவர்ன் ரயில் பாலத்தின் தூணில் மோதின. பாலத்தின் இரு கண்கள் அவற்றின்மேல் இடிந்து விழுந்தன, தீப்பற்றியது; எட்டு மாலுமிகளில் ஐவர் இறந்தனர். அவர்கள் அந்த ஆற்றிலேயே தொழில் செய்தவர்கள். படகுகளும் நேரோபோட்டைவிட வலுவானவை. பாலம் பிறகு சீரமைக்கப்படவே இல்லை. நீர் வற்றும்போது இரு படகுகளின் எலும்புக்கூடுகளும் பர்ட்டன் அருகே சேற்றில் இன்றும் தெரிகின்றன, ஷார்ப்னஸ் வாயிலுக்குச் சற்று மேலே.